பூங்கோரை வெளிச்சம்

1946 ஆகஸ்ட் 23, வெள்ளி

லென்ஸ் துடைத்தாயிற்று. தவளை ஜாடிக்குப் புது ஸ்பிரிட் ஊற்றியாயிற்று. மூன்றாம் பாரத்துப் பிள்ளைகள் உடைத்த சோதனைக்குழாய் நாலு. யார் உடைத்தது என்று கேட்டால் நாலு பேரும் கூரையைப் பார்க்கிறார்கள்.

இந்த ரெக்கார்டு நோட்டில் பாதித் தாள் காலியாகக் கிடந்தது. இனி இது என்னுடையது. போலீஸ்காரர் யாராவது எடுத்துப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்: எழுதுகிறவன் நல்லகாமன், வயது இருபத்தெட்டு, மதுரையில் ஒரு மிஷன் ஹைஸ்கூலில் லாப் அட்டெண்டர், எட்டாவது பாஸ். நோட்டு சயன்ஸ் வாத்தியார் ராயப்பன் சார் கொடுத்தது. திருடியதல்ல.

அக்டோபர் பன்னிரண்டாம் தேதி பள்ளிக்கூடத்தில் பொருட்காட்சி. இந்த வருஷம் எலும்புக்கூட்டை நிறுத்திப் பயமுறுத்தப் போவதில்லையாம். ராயப்பன் சார் ஒரு படத்தைக் காட்டினார். உருண்டையாய், ஓரத்தில் ஒரு பள்ளம், அதிலிருந்து ஒரு வால். "கடல் தண்ணியில இருக்கிற உயிரு நல்லகாமா. உடம்பு முழுக்க ஒரே ஒரு செல்தான். கசகசா அளவு. தண்ணியை ஆட்டினா நீலமா மின்னும். பேரு நாக்டிலூகா. லத்தீன்ல ராத்திரி விளக்குன்னு அர்த்தம்" என்றார்.

சுடுமா என்று கேட்டேன். சுடாது, எரியாது, புகையாது என்றார். நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். சின்ன வயதில் ஒரு தரம் பார்த்தாராம். "கடற்கரையில ராத்திரி நிக்கணும்யா. அப்பத்தான் தெரியும்."

ராத்திரி நிற்க வேண்டுமாம். எனக்கு ராத்திரி ஏது?

எங்கள் சனத்தைக் குற்றப் பரம்பரை என்று எழுதிவைத்து, எங்கள் மேல் ரேகைச் சட்டம் போட்டிருக்கிறார்கள். ஆம்பளையாய்ப் பிறந்தால் பெயர் போலீஸ் பதிவேட்டில் ஏறிவிடும். வெளியூரில் ராத்தங்க வேண்டுமென்றால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். பத்தொன்பது வயதில் மேலூரில் அக்கா வீட்டுக் காதுகுத்துக்குப் போனேன். கடைசிப் பஸ் போய்விட்டது, அங்கேயே படுத்துவிட்டேன், சீட்டு இல்லை. மூன்று மாதம் உள்ளே வைத்தார்கள். அன்று முதல் தினம் ராத்திரி பதினொரு மணிக்கு எங்கள் ஊர் ஸ்டேஷனில் கட்டைவிரல் ரேகை வைக்கிறேன். ஒன்பது வருஷமாயிற்று. கல்யாணத்தன்று ராத்திரியும் வைத்தேன். இப்போதெல்லாம் கடிகாரமே வேண்டாம், பதினொரு மணியானால் வலது கட்டைவிரல் தானாக அரிக்கிறது.

ஆனாலும் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அழகாய்த்தான் இருக்கிறது சனியன்.

1946 ஆகஸ்ட் 24, சனி

நல்ல யோகம். தலைமைக் குமாஸ்தா கண்ணுச்சாமி அமாவாசைக்கு ராமேசுவரம் போகிறார், தகப்பனாருக்குத் திதி கொடுக்க. வழியில் மண்டபத்தில் உறவுக்காரர் வீட்டில் ராத்தங்கல். கடல் மின்னினால் ஒரு குடம் மொண்டு வாருங்கள் என்று ராயப்பன் சார் கேட்டார். முதலில் முகத்தைச் சுளித்தார். அப்புறம், "தண்ணிதானே, கொண்டாரேன்" என்றார்.

1946 ஆகஸ்ட் 28, புதன்

வந்துவிட்டது! செம்புக் குடம். வாயில் துணி கட்டி, அரக்கு வைத்து, மேலே குங்குமம். தீர்த்தம் கொண்டு வருகிற மாதிரியே பக்தியாய்க் கொண்டுவந்திருக்கிறார்.

கண்ணுச்சாமி இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "ராயப்பன், நான் பொய் சொல்லலை. துடுப்புப் போடுற இடமெல்லாம் நீலமா நெருப்பு. பகல்ல போய்ப் பாத்தா அதே தண்ணி பச்சைச் சாயம் கரைச்ச மாதிரி கெடக்கு. நாத்தம் வேற. ராத்திரியானா மறுபடி நெருப்பு. கையெடுத்துக் கும்பிட்டுட்டேன்" என்றார். ஐம்பது வயதுக்காரர், கண் கலங்கியிருந்தது.

குடத்தை லாபில் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில். நாளைக்கு ஹெட்மாஸ்டர் முன்னால் திறக்க வேண்டும்.

1946 ஆகஸ்ட் 29, வியாழன்

ஜன்னலுக்கெல்லாம் கம்பளி கட்டினோம். ஹெட்மாஸ்டர், வாத்தியார்கள் ஆறு பேர், கண்ணுச்சாமி. கும்மிருட்டு. ராயப்பன் சார் குடத்து அரக்கை உடைத்துத் தண்ணீரைக் கண்ணாடித் தொட்டியில் ஊற்றினார். ஆட்டினார். கையைவிட்டுக் கலக்கினார்.

ஒன்றுமில்லை. ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

கம்பளியை விலக்கியதும் எல்லோரும் கண்ணுச்சாமியைப் பார்த்தார்கள். அந்த மனுஷன் என்னைப் பார்த்தார். "நான் கண்ணால கண்டு மொண்டது. சாவி ராத்திரி முழுக்க இவன்கிட்ட. இவன் சனத்தைப் பத்தி ஊருக்கே தெரியும். கொட்டிட்டு உப்பைக் கரைச்சு வச்சிருக்கான்!"

ஏன்யா, கடல் தண்ணியத் திருடி நான் என்ன, உப்புக் காய்ச்சப் போறனா? எம்புட்டுப் பெரிய களவு! வெள்ளிக் கரண்டி இருக்கு, மைக்ராஸ்கோப் இருக்கு, அம்புட்டையும் விட்டுட்டு நாத்தம் பிடிச்ச தண்ணிக்கு ஆசைப்பட்டேனாம்! வாய்வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? என் ரேகை ஸ்டேஷனில் இருக்கிறது, அதனால்தான் சொல்லவில்லை.

1946 ஆகஸ்ட் 30, வெள்ளி

மெமோ வந்தது. பொருட்காட்சித் தேதிக்குள் தக்க விளக்கம் தராவிட்டால் வேலை நீக்கம், போலீசுக்கும் தெரிவிக்கப்படும். போலீசுக்குத் தெரிவித்தால் இன்னொரு கேஸ். இன்னொரு கேஸ் என்றால் இந்தத் தடவை மூன்று மாதத்தோடு போகாது.

1946 செப்டம்பர் 1, ஞாயிறு

குடத்தைத் தேய்த்துத் தரச் சொன்னார் கண்ணுச்சாமி. தண்ணீரைத் திருடினவனிடம் குடத்தை எப்படி நம்பிக் கொடுத்தாரோ. சைக்கிளில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன், புளி இங்கேதான் இருக்கிறது.

உள்ளே கையைவிட்டால் பச்சையாய்க் களிம்பு. முத்துத்தாய் எட்டிப் பார்த்தாள். என் பெண்டாட்டிக்கு யார் வீட்டுப் பாத்திரமானாலும் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். "இதுலயா உப்புத் தண்ணிய ரெண்டு நாள் ஊத்தி வச்சாக? ஈயம்கூடப் பூசலை. மோரை இதுல ஊத்தி வச்சுக் குடிச்சா ஆளே போய்ச் சேந்துருவான். கசகசாப் பூச்சி என்னத்துக்கு ஆகும்?" என்றாள்.

கையில் புளியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கொன்றது குடம்! தீர்த்தம் என்றால் செம்பில்தான் வரவேண்டும் என்று பக்தியாய் அடைத்து, பக்தியாய்ச் சாகடித்திருக்கிறார். முத்துத்தாயைத் தூக்கிச் சுற்ற வேண்டும்போல் இருந்தது. கையெல்லாம் புளி. "கிறுக்குப் பிடிச்சிருச்சா" என்று ஓடிவிட்டாள்.

1946 செப்டம்பர் 2, திங்கள்

ராயப்பன் சார் மேஜையைத் தட்டினார். "செம்பு! எனக்கு ஏன் தோணலை!" உடனே ஹெட்மாஸ்டரிடம் சொல்லப் புறப்பட்டார். தடுத்தேன். வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? உயிரோடு கொண்டுவந்து காட்ட வேண்டும். தானே போய் மொண்டு வருகிறேன் என்றார். அதற்கும் வேண்டாம் என்றேன். அவர் கொண்டுவந்தால் அது ராயப்பன் சார் கொண்டுவந்த தண்ணீர். என் மேல் விழுந்த பழி அப்படியே கிடக்கும்.

"ஒனக்கு ரோஷம் ஜாஸ்தி" என்றார். ஆமாம், ஜாஸ்திதான்.

1946 செப்டம்பர் 5, வியாழன்

ஏட்டு மலையாண்டியிடம் ராதாரிச் சீட்டுக் கேட்டேன், ஒரே ஒரு ராத்திரிக்கு. எதற்கு என்றார். கடலில் மின்னுகிற பூச்சி பிடிக்க என்றேன். ஸ்டேஷனே சிரித்தது. "ஒன்பது வருஷத்துல நான் கேட்ட பொய்யில இதுதான்டா ஒசத்தி" என்றார்.

உண்மையைச் சொன்னால் இதுதான்.

1946 செப்டம்பர் 13, வெள்ளி

இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. சோறு இறங்கவில்லை.

1946 செப்டம்பர் 17, செவ்வாய்

கோரிப்பாளையம் தர்கா பக்கத்தில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு நின்றபோது தலையில் அடித்த மாதிரி ஞாபகம் வந்தது. கண்ணுச்சாமி சொன்னாரே - பகலில் பச்சைத் தண்ணீர், ராத்திரி நெருப்பு, இரண்டும் ஒன்றுதான் என்று! மின்னுவதைப் பார்க்கத்தான் ராத்திரி வேண்டும். மொண்டு வர எதற்கு ராத்திரி? பகலில் பச்சையைப் பார்த்து மொண்டால் போதாதா?

விடிகாலைப் பாசஞ்சரில் போனால் மண்டபம் பதினொன்றரைக்கு. திரும்புகிற வண்டி இரண்டு மணிக்கு. மதுரைக்கு எட்டு மணி. அங்கிருந்து ஊருக்குப் பத்து மைல் சைக்கிள். பதினொரு மணிக்குள் ரேகை வைத்துவிடலாம்.

வண்டி தாமதமானால்? தாமதமானால் போச்சு. உள்ளேதான்.

சனிக்கிழமை போகிறேன்.

1946 செப்டம்பர் 22, ஞாயிறு

நேற்றைக்கு எழுத நேரமில்லை.

ராயப்பன் சார் கண்ணாடி மூடி போட்ட பாட்டில் மூன்று கொடுத்தார். "கழுத்து வரைக்கும் நிரப்பாதே, அதுக்கும் மூச்சு வேணும்" என்றார். மண்டபத்தில் இறங்கிக் கரையோடு ஓடினேன். எங்கும் நீலத் தண்ணீர்தான். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் கேட்டேன். பாக்கியமேரி என்று பெயர், கழுத்தில் சிலுவை, கையில் அரிவாள்.

"பச்சைத் தண்ணியா? பூங்கோரையத் தேடியா வந்தீக? அது வந்துட்டா எங்க வலையில மீனு செத்து மெதக்கும். அந்தப் பாழாப்போனதப் பாட்டில்ல அடைச்சு ஊருக்குக் கொண்டு போறீகளா? அம்புட்டையும் கொண்டு போங்க, புண்ணியமாப் போகும்!" என்று திட்டிக்கொண்டே அரை மைல் கூட நடந்துவந்து காட்டினாள். கரையை ஒட்டி ஒரு பட்டையாய்ப் பச்சை. மூன்று பாட்டிலிலும் மொண்டேன். வெயிலில் தூக்கிப் பார்த்தேன். கசகசா, கசகசாவாய் மிதக்கிறது! அத்தனையும் உயிர். நான் அழுதேன் என்று எழுத வெட்கமில்லை. பாக்கியமேரி, "மீனு செத்தா நாங்க அழுவோம், நீங்க எதுக்கு அழுறீக?" என்றாள். கதையைச் சொன்னேன், ரேகையிலிருந்து மெமோ வரைக்கும். அவள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு நா ராத்திரி வாங்க. வீடு இருக்கு. நல்லா மின்னும்" என்றாள். வாரேன் என்று சொன்னேன். ராதாரிச் சீட்டு யார் தருவார்கள்?

வண்டி மானாமதுரையில் நின்றது. நின்றதென்றால் நின்றதுதான். எஞ்சினுக்குத் தண்ணீர், அப்புறம் ஒரு கூட்ஸ், அப்புறம் காரணமே இல்லை. பாட்டில்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதுரை ஸ்டேஷனில் இறங்கியபோது மணி ஒன்பதே முக்கால்.

சைக்கிளை எடுத்தேன். விளக்கில் எண்ணெய் இல்லை. வாங்க நேரமும் இல்லை. பாட்டில் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மிதித்தேன். எதிரே மாட்டுவண்டி வருவதை மணிச் சத்தத்தை வைத்துத்தான் ஒதுங்கினேன். எத்தனை பள்ளம் என்று கணக்கில்லை. நாகமலையைத் தாண்டும்போது சங்கிலி கழன்றது. போட்டுவிட்டு மிதித்தேன். கட்டைவிரல் அரிக்க ஆரம்பித்தது. ஐயோ, மணி ஆகப் போகிறது. மிதித்தேன், மிதித்தேன்.

ஸ்டேஷன் சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றுக்கு நாலு நிமிஷம்.

ஏட்டு மலையாண்டி வாசலுக்கே வந்துவிட்டார். "நாலு நிமிஷத்துல தப்பிச்சுட்ட. ஆனா வெளக்கில்லாம சைக்கிள்ல வந்திருக்க. அதுக்கு ஒரு கேஸ் எழுதவா?"

"வெளக்கு இருக்கு ஏட்டையா" என்றேன்.

எங்கிருந்து வந்தது அந்த வாய் என்று எனக்கே தெரியாது. அரிக்கேனை இறக்கச் சொன்னேன். ஏதோ ஒரு ஆச்சரியத்தில் அவரும் திரியை இறக்கிவிட்டார். பையிலிருந்து பாட்டிலை எடுத்தேன். ஒரு நிமிஷம் பயம், கடவுளே, இதுவும் செத்திருந்தால்? ஆட்டினேன்.

நீலம்! பாட்டில் முழுக்க நீலம். ஏட்டின் மீசை தெரிந்தது, பெல்ட் வில்லை தெரிந்தது, என் கை நரம்பு தெரிந்தது. நானும் அப்போதுதான் முதல்முதலாகப் பார்க்கிறேன்.

"ஆத்தாடி!" ஏட்டு இரண்டடி பின்னால் போனார். "என்னடா இது, சூனியமா?"

"உயிரு ஏட்டையா. ஒத்தைச் செல்லு. நாக்டிலூகா."

வாங்கி அவரே ஆட்டினார். நின்றதும் அணைந்தது. மறுபடி ஆட்டினார். ரேகை வைக்க வந்து வராந்தாவில் குந்தியிருந்த எங்கள் ஆட்கள் பத்துப் பதினைந்து பேரும் எழுந்து வந்துவிட்டார்கள். பாட்டில் கைக்குக் கை மாறியது. முப்பது வருஷமாய் ரேகை வைக்கிற தவசிச் சித்தப்பா அதைக் கண்ணுக்கு நேரே பிடித்து, "ஏட்டையா, இது பாட்டுக்கு ராத்திரி ராத்திரி ஊரு சுத்துதே, இதுக்கு ராதாரி கேக்க மாட்டீகளா?" என்றார்.

சிரித்தோம் பாருங்கள். அந்த வராந்தாவில் இதற்கு முன்னால் யாரும் அப்படிச் சிரித்ததில்லை. ஏட்டும் சிரித்துவிட்டார். ரேகை வாங்க மறந்தே போனார். நான்தான் ஞாபகப்படுத்தினேன்.

1946 செப்டம்பர் 24, செவ்வாய்

இரண்டு கண்ணாடித் தம்ளர். இரண்டிலும் பூங்கோரைத் தண்ணீர். ஒன்றில் நேற்று ஒரு சாண் செம்புக் கம்பியைப் போட்டேன். இன்று காலை அதில் எல்லாம் அடியில் வெள்ளையாய்ப் படிந்து கிடக்கிறது. கலக்கினால் ஒன்றுமில்லை. மற்றது இருட்டில் மின்னுகிறது. ராயப்பன் சார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வாத்தியாரோடு கை குலுக்குவது இதுதான் முதல் தடவை.

இப்போதே ஹெட்மாஸ்டரைக் கூப்பிடுவோம் என்றார். முடியாது என்றேன். என்னைத் திருடன் என்றது எட்டுப் பேர் முன்னால். விளக்கம் ஊர் முன்னால்தான், பொருட்காட்சியன்று.

"அதுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்குய்யா! செத்துப் போச்சுன்னா?"

"வளத்துக் காட்டுறேன் சார்."

சொல்லிவிட்டேன். எப்படி வளர்ப்பது என்று புத்தகத்தில் இல்லை.

1946 செப்டம்பர் 29, ஞாயிறு

ஒரு பாட்டில் போய்விட்டது. அலமாரிக்குள் வைத்தது. இருட்டில் மின்னுகிறதே, இருட்டுத்தான் பிடிக்கும் என்று நினைத்தேன். முட்டாள்தனம்.

1946 அக்டோபர் 1, செவ்வாய்

மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். உருண்டைக்குள்ளே சின்னச் சின்னப் பச்சைப் புள்ளிகள் நீந்துகின்றன. இலைக்கு இருக்கிற பச்சை. அப்படியானால் இதற்குப் பகலும் வேண்டும்! பாட்டிலை வடக்கு ஜன்னலில் வைத்தேன், வெயில் நேராக விழாமல் வெளிச்சம் மட்டும் விழுகிற இடத்தில். ராயப்பன் சாரிடம் சொன்னதும், வடக்கு ஜன்னல் பக்கம் ஒரு பையனும் போகக்கூடாது என்று வகுப்பில் உத்தரவு போட்டுவிட்டார்.

1946 அக்டோபர் 6, ஞாயிறு

இரண்டாவது பாட்டிலில் நாற்றம். கொட்டினேன். மிச்சம் ஒன்று.

முத்துத்தாய் கேட்டாள், "அதுவும் செத்துட்டா என்ன செய்வீக?" ராத்திரி பூராவும் தூங்கவில்லை, இரண்டு பேரும்.

1946 அக்டோபர் 11, வெள்ளி

மின்னுகிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் இருந்ததைவிடக் கூடுதல் என்றுகூடத் தோன்றுகிறது. பகலெல்லாம் வெளிச்சத்தில் இருந்ததை உடனே ஆட்டினால் மின்னாது, ஒன்றிரண்டு மணி நேரமாவது இருட்டில் வைக்க வேண்டும். இது எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. நானே கண்டது.

1946 அக்டோபர் 12, சனி

எங்கே ஆரம்பிப்பது!

காலையிலேயே பாட்டிலை இருட்டுப் பெட்டியில் வைத்தேன். ஜன்னலுக்குக் கம்பளி, வாசலுக்கு இரட்டைத் திரை. பதினொரு மணிக்கு வரிசை கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விட்டது. ஆனையூரிலிருந்து வண்டி கட்டி வந்திருக்கிறார்கள். முத்துத்தாய் ஊரிலிருந்து பொம்பளைகள் இருபது பேரைக் கூட்டிவந்துவிட்டாள். தவசிச் சித்தப்பா புது வேட்டி.

முதல் ஆட்டம் ஹெட்மாஸ்டருக்கும் வாத்தியார்களுக்கும். ராயப்பன் சார் பேசுவார் என்று நினைத்தேன். அவர் விளக்கை அணைத்துவிட்டு, "நல்லகாமன் சொல்லுவார்" என்று ஒதுங்கிக்கொண்டார். சொல்லுவார்! ர் போட்டு!

தொட்டியில் ஊற்றினேன். ஊற்றும்போதே தண்ணீர்த் தாரை நீலமாய் இறங்கியது. யாரோ மூச்சை இழுத்தார்கள். கையைவிட்டுக் கலக்கினேன், ஐந்து விரலும் தனித்தனியாய்த் தெரிந்தது. ஹெட்மாஸ்டர் குழந்தைபோல் கையை விட்டார், சட்டைக் கை நனைவதைக்கூடப் பார்க்கவில்லை. பிறகு இரண்டு தம்ளரைக் காட்டினேன். செம்பு போடாத தம்ளரைக் கலக்கினால் நெருப்பு. செம்புக் கம்பி போட்ட தம்ளரைக் கலக்கினால் வெறும் தண்ணீர்.

அவ்வளவுதான் சொன்னேன். குடம் என்றோ, யார் குடம் என்றோ சொல்லவில்லை. சொல்லத்தான் ஒரு மாதமாய் வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். நல்ல சூடான வாக்கியம். கண்ணுச்சாமி இருட்டில் அந்தச் செத்த தம்ளரை எடுத்துக் கலக்கிக்கொண்டே இருந்தார். கரண்டி கண்ணாடியில் இடிக்கிற சத்தம் நிற்கவே இல்லை. வாக்கியம் மறந்துபோயிற்று.

கடைசியில் அவரே பேசினார். "தீர்த்தம்னா செம்புதானேப்பா... எங்க அப்பாவும் அதுலதான் கொண்டாருவாரு." கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, எல்லோர் காதிலும் விழ, "நல்லகாமன் மேல தப்பில்லை. நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன்" என்றார்.

சாயங்காலம் வரைக்கும் முப்பத்தெட்டு ஆட்டம். கடைசி ஆட்டத்தில் மப்டியில் ஒருவர் பொண்டாட்டி பிள்ளைகளோடு நின்றார். ஏட்டு மலையாண்டி. "நான் இதை முன்னாடியே பாத்துட்டேன்" என்று பக்கத்தில் நின்றவர்களிடம் பீற்றிக்கொண்டிருந்தார்.

முத்துத்தாய் வாசலில் நின்றுகொண்டு வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள்: "செம்புன்னு கண்டுபிடிச்சது நானு." உண்மைதான். இதில் எழுதி வைக்கிறேன்.

1946 அக்டோபர் 14, திங்கள்

மெமோ ரத்து. கண்ணுச்சாமியே கொண்டுவந்து கொடுத்தார். கூடவே ராமேசுவரத்துக் கல்கண்டு ஒரு பொட்டலம், ஆகஸ்டில் வாங்கியது. எறும்பைத் தட்டிவிட்டுத் தின்றேன்.

1947 ஜனவரி 6, திங்கள்

புது வருஷத்திலிருந்து சம்பளப் பட்டியலில் லாப் அசிஸ்டெண்ட். பூங்கோரை எப்போதோ செத்துவிட்டது. ராயப்பன் சார் என் குறிப்புகளைச் சென்னையில் ஒரு புரொபசருக்கு எழுதி அனுப்பியிருக்கிறார், என் பெயர் போட்டு. எல்லாம் சரி. ராத்திரி பதினொரு மணிக்கு ரேகை வைத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

1947 ஜூன் 5, வியாழன்

சட்டம் போச்சு! ரேகைச் சட்டம் போச்சு! பேப்பரில் வந்துவிட்டது. ராயப்பன் சார் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஊருக்கே வந்து படித்துக் காட்டினார். ஊரில் மேளம் நிற்கவில்லை.

1947 ஜூன் 6, வெள்ளி

வெட்கக்கேடு. நேற்று ராத்திரி அவ்வளவு ஆட்டம் ஆடிவிட்டும், பதினொரு மணிக்குக் கால் தானாக ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. அங்கே தவசிச் சித்தப்பாவும் நிற்கிறார்! ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றோம். ஏட்டு வெளியே வந்து, "எதுக்குய்யா வந்தீங்க? வீட்டுக்குப் போய்ப் படுங்க" என்றார். ய்யா என்றார். படுங்க என்றார்.

1947 ஆகஸ்ட் 15, வெள்ளி

பள்ளிக்கூடத்தில் கொடி, மிட்டாய். எங்களுக்கு ஜூனிலேயே விடிந்துவிட்டது என்றேன். ராயப்பன் சார் அப்போ மிட்டாய் வேண்டாமா என்றார். இரண்டு வாங்கிக்கொண்டேன்.

1947 செப்டம்பர் 8, திங்கள்

மண்டபத்திலிருந்து கார்டு. பாக்கியமேரி யாரையோ விட்டு எழுதச் சொல்லியிருக்கிறாள். "பாழாப்போனது வந்திருச்சு. சனிக்கிழமை இருட்டு. வீட்டுக்காரியையும் கூட்டியாங்க."

1947 செப்டம்பர் 13, சனி. மண்டபம்

மத்தியான வண்டியில் வந்தோம். டிக்கெட் மட்டும்தான் வாங்கினேன். வேறு எந்தச் சீட்டும் இல்லை. முத்துத்தாய் ரயிலில் போலீஸ்காரர் ஏறினபோதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

பாக்கியமேரி மீன் குழம்பு வைத்திருந்தாள். "பூங்கோரை மேயாத எடத்துல பிடிச்சது, பயப்படாமச் சாப்பிடுங்க" என்றாள். அப்புறம் கரைக்குக் கூட்டிப்போனாள்.

கடல் முழுக்க. பாட்டில் இல்லை, தொட்டி இல்லை, கடல் முழுக்க. அலை ஒவ்வொன்றும் கரையில் விழும்போது நீலமாய் எரிந்து அணைகிறது. முத்துத்தாய் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். கால் வைத்த இடமெல்லாம் வெளிச்சம். "ஏங்க, என் காலைப் பாருங்க! ஏங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். நான் முழங்கால் தண்ணீரில் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

அப்போது வலது கட்டைவிரல் அரித்தது.

மணி பதினொன்று.

முத்துத்தாய்க்கும் தெரிந்துவிட்டது. பக்கத்தில் வந்து நின்றாள். நான் குனிந்து கட்டைவிரலைத் தண்ணீரில் விட்டேன். சுற்றிலும் நீலம் பூத்தது. எடுத்து, ஈர மணலில் அழுத்தி வைத்தேன். ரேகை மின்னியது. ஒரு நொடிதான், அணைந்துவிட்டது. அடுத்த அலை வந்து மணலையும் சரியாக்கிவிட்டது.

"இன்னொரு தரம் வைங்க" என்றாள்.

வைத்தேன்.